எழுத்தும் வரும்படியும்

தமிழில் நூல் எழுதுவது நெடுங்காலம் மடங்களையும் ஜமீன்களையும் அண்டிய தொழிலாகவே இருந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டபடி தலபுராணங்கள் பாடினார். அரங்கேற்றம் முடிந்ததும் சால்வையும் சன்மானமும் கிடைக்கும். அடுத்த ஊர் அழைக்கும்வரை அதுதான் வரும்படி. காலத்தின் தலைசிறந்த புலவரான அவரே கடனாளியாக வாழ்ந்ததை, மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய வரலாறு மறைக்கவில்லை.

அச்சு பரவியபின் கையொப்ப முறை வந்தது. நூல் வெளிவருமுன்பே, வாங்கிக்கொள்வதாகப் பலர் கையெழுத்திடுவார்கள். சிலர் முன்பணமும் தருவார்கள். சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை இவ்வாறே பதிப்பித்தார். ஆனால் அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது கும்பகோணம் கல்லூரிச் சம்பளம்.

பாரதியார் 1920இல் இன்னும் துணிந்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக 4 லட்சம் அச்சிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அவை விற்கும் என்பது அவர் கணக்கு. கணக்கில் தவறென்று சொல்வதற்கில்லை, பிற்காலத்தில் அப்படித்தான் விற்றன. ஆனால் அன்று பணம் சேரவில்லை. மறு ஆண்டே அவர் காலமானார்.

எழுத்தாளருக்கு மாதச் சம்பளம் தந்தது பத்திரிகை. எஸ்.எஸ்.வாசன் 1928இல் வாங்கிய ஆனந்த விகடனில் பெயர்பெற்ற கல்கி, 1941இல் சொந்த இதழ் தொடங்கினார். அதில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’, வாசகர்களை வாரந்தோறும் காத்திருக்க வைத்தது. ‘மணிக்கொடி’ என்ற இலக்கிய இதழில் எழுதியவர்களுக்கு அந்த யோகம் இல்லை. அங்கே பேர் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான புதுமைப்பித்தன் தினமணி நாளிதழில் வேலை பார்த்தார்; பிறகு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42.

சி.சு.செல்லப்பா வேறு வழியில் போனார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998இல் அவர் மறைந்தார். அந்நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.