வாசகர் கடிதத்தில் பிறந்த ரசிகர் உலகம்

அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’. லக்சம்பர்க்கில் பிறந்து 1904இல் அமெரிக்காவில் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், 1926 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து அதை வெளியிடத் தொடங்கினார். விலை 25 சென்ட். தொடக்க இதழ்களில் ஜூல் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகியோரின் பழைய கதைகளே பெரும்பாலும் மறுபதிப்பாயின. மறு ஆண்டு கெர்ன்ஸ்பேக் வாசகர் கடிதப் பகுதியைச் சேர்த்து, எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார். ரசிகர் சமூகம் உருவாக வழிவகுத்தவை அந்த முகவரிகள்தாம்.

அன்று இவ்வகைக் கதைகளை விரும்பியவர்கள் ஊருக்கு ஓரிருவராகச் சிதறிக் கிடந்தார்கள். மட்டமான தாளில், கண்ணைப் பறிக்கும் அட்டையோடு வந்த இதழ்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் குப்பையாகவே கருதினார்கள். ஐசக் அசிமோவின் தந்தை புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அங்கே விற்பனைக்கு வந்த மலிவு இதழ்களைத் தொட மகனுக்கு அனுமதி இல்லை. 1929இல் கெர்ன்ஸ்பேக்கின் அடுத்த இதழான ‘சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’ வந்தபோது, தலைப்பில் ‘சயன்ஸ்’ என்று இருப்பதைக் காட்டித்தான் ஒன்பது வயதுச் சிறுவன் படிக்க அனுமதி வாங்கினான். தன்னைப்போல் இன்னொருவன் எங்கோ இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள இத்தகைய பிள்ளைகளுக்குக் கிடைத்த வழி கடிதப் பகுதி ஒன்றே. அதில் பார்த்த முகவரிக்குத் தாமே எழுதினார்கள், பதில் வந்தது, ஒரே நகரத்தார் நேரில் சந்தித்தார்கள்.

கடிதத் தொடர்பு சங்கங்களாக வளர்ந்தது. அத்தகைய சங்கம் ஒன்று 1930 மே மாதம் சிகாகோவில் கொண்டுவந்த ‘தி காமெட்’, ரசிகர்களே நடத்திய முதல் இதழாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் பள்ளி மாணவர்களாக இருந்தபோதே ஓர் இதழ் நடத்தினார்கள். சூப்பர்மேன் என்ற பெயரை அவர்கள் முதலில் 1933இல் அதில் வந்த ஒரு கதையில்தான் பயன்படுத்தினார்கள். உலகம் அறிந்த சூப்பர்மேன் 1938இல் அச்சேறினான். 1934இல் கெர்ன்ஸ்பேக் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர்தோறும் கிளைகள் அமைக்க வாசகர்களை அழைத்தார். லீக் சில ஆண்டுகளில் மங்கியது. ஆனால் அதன் லாஸ் ஏஞ்சலஸ் கிளை தனிச் சங்கமாகி, வியாழன்தோறும் கூடும் வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருகிறது. இளைஞர் ரே பிராட்பரி 1937இல் அங்கே சேர்ந்து, 1939இல் சொந்தமாக ஒரு ரசிகர் இதழும் தொடங்கினார்.

இந்த இதழ்களுக்கு ‘ஃபேன்சீன்’ என்ற பெயரை 1940இல் சூட்டியவர் லூயி ரஸ்ஸல் ஷோவனே. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் ஜெலட்டின் தட்டைப் பயன்படுத்தினார்கள். ஊதா மையால் எழுதிய தாளை ஜெலட்டின் பரப்பில் கவிழ்த்தால் மை அதில் இறங்கும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டும். சுமார் ஐம்பது பிரதிகளுக்குள் எழுத்து மங்கிவிடும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். இந்த இதழ்களைப் பெறக் காசு கட்டாயமில்லை. தன் இதழை அனுப்பி மாற்றாக வாங்கலாம். ஒரு விமர்சனக் கடிதம் எழுதியும் வாங்கலாம்.

1937இல் டொனால்ட் வோல்ஹைம் இந்தப் பண்டமாற்றை ஒழுங்குபடுத்தினார். அவர் நிறுவிய கூட்டமைப்பில் ஒவ்வோர் உறுப்பினரும் தம் இதழின் பிரதிகளை அனைவருக்கும் போதுமான அளவில் ஒரே இடத்துக்கு அனுப்புவார். அவை கட்டாகத் தொகுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அஞ்சலில் போகும். முந்தைய கட்டில் படித்தவற்றுக்கான பதில்கள் அடுத்த கட்டில் இடம்பெறும். அன்று படித்த நாவல், பார்த்த திரைப்படம், அலுவலகச் சலிப்பு, வீடு மாறியது, வளர்த்த பூனை என எல்லாமே அந்தப் பக்கங்களில் இடம்பெற்றன. ஈடுபாடு வாழ்க்கை முறையா, வெறும் பொழுதுபோக்கா என்பது அவர்களிடையே ஓயாத விவாதம். இலினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் திரையரங்கு ஆபரேட்டராக இருந்த பாப் டக்கர், அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளை இடித்துரைக்க 1941இல் தம் இதழில் ‘ஸ்பேஸ் ஆப்பரா’ என்ற சொல்லைப் படைத்தார். பின்னாளில் அதன் இழிபொருள் தேய்ந்து, அது ஒரு கதைவகையின் பெயராகவே நிலைத்தது.

ரசிகர்களின் கருத்து பதிப்பாசிரியர்களின் மேசை வரை எட்டியது. ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியர் ஜான் கேம்பல், கதைகளை வாசகர்கள் வரிசைப்படுத்திய முடிவுகளை 1938 முதல் வெளியிட்டார். கடுமையான இலக்கிய விமர்சனமும் ரசிகர் இதழ்களில்தான் வேரூன்றியது. அப்போது புகழின் உச்சியில் இருந்த ஏ.ஈ. வான் வோக்ட்டின் நாவலை 1945இல் டேமன் நைட் ஒரு ரசிகர் இதழில் பத்தி பத்தியாகப் பிரித்து, தர்க்கப் பிழைகளைச் சுட்டினார். ஜேம்ஸ் பிளிஷ், வில்லியம் அத்தெலிங் என்ற புனைபெயரில் சக எழுத்தாளர்களின் மொழிநடையையும் கதைக் கட்டமைப்பையும் ஆராய்ந்தார். நைட்டின் கட்டுரைகள் 1956இலும் பிளிஷின் கட்டுரைகள் 1964இலும் நூல்களாயின. கல்லூரிகள் இத்துறையை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் அதன் தரத்தைக் காத்தவை இந்த எழுத்துகளே.

கடிதத்தில் பழகியவர்கள் நேரில் கூடுவது மாநாடாக வளர்ந்தது. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. பின்னாளில் இலங்கையைத் தாயகமாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க் அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர். 1939 ஜூலையில் நியூயார்க்கில் உலகக் கண்காட்சியை ஒட்டி முதல் உலக மாநாடு கூடியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். லாஸ் ஏஞ்சலஸ் ரசிகை மிர்ட்டில் டக்ளஸ் தைத்த எதிர்கால உடைகளை அவரும் சக ரசிகர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் அணிந்து வந்தார்கள். இன்றைய வேடப் புனைவு வழக்கத்தின் தொடக்கம் அதுவே. அந்த மாநாட்டிலேயே ரசிகர்களின் குழுச் சண்டையும் வெளிப்பட்டது. வோல்ஹைம், ஃபிரெடரிக் போல் உள்ளிட்ட ஆறு பேர் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரால் 1942 முதல் 1945 வரை மாநாடு நின்றது. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில், கெர்ன்ஸ்பேக்கைச் சிறப்பிக்கும் வகையில் ஹியூகோ எனப்படும் விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி டிமாலிஷ்ட் மேன்’ சிறந்த நாவலானது. நடுவர் குழு கிடையாது. மாநாட்டு உறுப்பினர்களின் வாக்கே முடிவு. ரசிகர் இதழுக்கான விருதும் 1955இல் சேர்ந்தது.

தொடக்க காலக் கூட்டங்களில் ஆண்களே மிகுதி. ஜார்ஜியாவின் சவானாவிலிருந்து ‘குவாண்ட்ரி’ என்ற புகழ்பெற்ற இதழை நடத்திய லீ ஹாஃப்மன் ஒரு பெண் என்பது, 1951இல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டுக்கு அவர் நேரில் வந்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது. 1960களில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1965இல் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்து மாணவர்களிடையே பரவ, மாயப் புனைகதைக்கும் தனி ரசிகர் சங்கங்கள் தோன்றின. 1966இல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மறு ஆண்டே அதற்கெனத் தனி இதழைத் தொடங்கியவர்கள் பெண்கள். தொடரின் பாத்திரங்களை வைத்துப் புதுக் கதை எழுதும் வழக்கத்தை வளர்த்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியதும், பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் கடித இயக்கம் நடத்தினார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்பதை, அதை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. தொடர் 1969இல் நின்றபோதும் ஆர்வம் தணியவில்லை. 1972இல் நியூயார்க்கில் நடந்த ஸ்டார் டிரெக் மாநாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர் மாறியதற்கும் ரசிகர்களின் கடிதங்களே காரணம்.

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ பெருவெற்றி பெற்றபின் இக்கதைகள் வெகுமக்கள் பொழுதுபோக்காயின. கணினி வலையமைப்புகள் பரவியதும் சைக்ளோஸ்டைல் இதழ்கள் குறைந்தன. அவை இன்று ஆவணங்களாகப் போற்றப்படுகின்றன. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் தம் சேகரிப்பை டொரண்டோ பொது நூலகத்துக்கு அளித்தார். ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும் பெருந்தொகை ரசிகர் இதழ்களைப் பாதுகாக்கின்றன. சாதாரண வாசகர் ஒருவர் எதைப் படித்தார், எதை ஏற்றார், எதை மறுத்தார், அந்த வாரம் எப்படி வாழ்ந்தார் என்பதை அவரது சொற்களிலேயே தரும் இத்தகைய சான்றுகள் இலக்கிய வரலாற்றில் அரியவை.