மருதமுனைத் தறியும் புதுடில்லி உடன்படிக்கையும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு செல்லும் பிரதான வீதியில் சற்றுத் தொலைவிலேயே வருகிறது மருதமுனை. சாரம், சேலை, படுக்கை விரிப்பு எனக் கைத்தறிப் பிடவைக்கு இலங்கையெங்கும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். சுதந்திர வர்த்தகம் நன்மையா தீமையா என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு இவ்வூரே நினைவுக்கு வருகிறது. அந்த விவாதத்தின் இரு பக்கங்களையும் ஒரே தலைமுறையில் அனுபவித்த ஊர் அது.

1970 முதல் 1977 வரை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது கசப்பான காலம். நெசவாளிக்கோ, அந்நியத் துணி அரிதான சந்தையில் போட்டி குறைவு. ஆனால் நூலும் சாயமும் கடல் கடந்து வரவேண்டியவை என்பதால், அவற்றுக்கு அவன் அரசின் கையையே எதிர்பார்த்திருந்தான்.

1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். நூலும் சாயமும் தாராளமாக வந்தன. கூடவே விசைத்தறித் துணியும் மலிவாக வந்தது. வாங்குபவர் மகிழ்ந்தனர். பல வீடுகளில் தறி ஓய்ந்தது. மிஞ்சியவற்றில் பலவற்றை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று.

இதனிடையே, 1998 டிசம்பர் 28 இல் சந்திரிகா குமாரதுங்கவும் வாஜ்பாயும் புதுடில்லியில் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். 2000 மார்ச் 1 இல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் 6 கோடி டொலருக்கும் குறைவாக இருந்த இந்தியாவுக்கான நமது ஏற்றுமதி, 2005 இல் 55 கோடியைத் தாண்டியது. பெருமைப்படத்தக்க வளர்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். வெளிநாட்டு மூலப்பொருளை இங்கே பதனிட்டு, வரிச்சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பிய தொழில்கள் அவை. இந்தியா கட்டுப்பாடுகளை விதித்ததும் அந்த ஏற்றம் சரிந்தது.

அவ்வுடன்படிக்கையின் ஒரு விதியை மருதமுனையில் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 80 இலட்சம் ஆடைகளைச் சலுகையில் அனுப்ப இலங்கைக்கு இடமளிக்கப்பட்டது. அவற்றில் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆரம்ப நிபந்தனை. தன் ஆலைகளையும் நெசவையும் மறவாமல் இந்தியா பேரம் பேசியது என்பதே இதன் பொருள். நமது தரப்பும் 1,180 பொருள்களை விலக்குப் பட்டியலில் வைத்தது. பட்டியலில் எது சேர்கிறது, எது விடுபடுகிறது என்பதில்தான் ஓர் ஊரின் பிழைப்பு தங்கியிருக்கிறது.

2018 இல் சிங்கப்பூருடனும் 2024 இல் தாய்லாந்துடனும் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. கதவை மூடினால் நூல் வராது. கண்ணை மூடிக்கொண்டு திறந்தால் தறி நிற்கும். மருதமுனை இரண்டையும் கண்டுவிட்டது. ஆகவே உடன்படிக்கை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, பட்டியல் எழுதும் மேசையில் கிழக்குக் கரையின் நெசவாளிக்காகப் பேச யார் இருக்கிறார் என்று கேட்பதே பயனுள்ளது.