புறப்படுமுன் எண்ணிப் பார்த்தவர்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரத்திற்கு நேரே, பாலாற்றின் மறுகரையில் இருப்பது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே கூடுவதால் அவ்வூருக்கு அப்பெயர். அங்குள்ள பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையின் மாணவர்க்கும் பணியாளர்க்கும் அமைந்த மருத்துவமனையைப் பற்றி அது விரிவாகக் கூறுகிறது. படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், இரவில் எரிய வேண்டிய விளக்கு. இவ்வளவும் கல்லில் எழுதப்பட்டுள்ளன.

நோயாளி நள்ளிரவில் கண்விழித்தால் வெளிச்சம் வேண்டுமே என்று யாரோ ஒருவர் முன்னதாகவே எண்ணியிருக்கிறார். இரக்கம் நெஞ்சில் எழுந்தால் மட்டும் போதாது, அதற்கு ஆயத்தமும் வேண்டும் என்பதற்கு அக்கல் சான்று. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று நம் ஆண்டவர் உரைத்த உவமையின் பொருளும் இதுவே அன்றோ?

கடல் கடந்து சென்று ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பணிபுரிய விழையும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். அவ்விருப்பம் உயர்ந்தது. எனினும், அவ்வாறே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தவர்கள் எவ்வாறு தங்களை ஆயத்தப்படுத்திக்கொண்டனர் என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நலம்.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை முதலில் நினைவுகூர்வோம். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்த பரந்த உள்ளத்தோடு அவரிடமும் நாம் பாடம் பெறலாம். 1893-இல் ஜப்பானுக்குச் சென்ற அவர், உடல்நலம் குன்றியதால் அங்கே நீடிக்க இயலவில்லை. 1895-இல் இந்தியா வந்தார். தாமஸ் வாக்கர் என்னும் மறைப்பணியாளரிடம் தமிழ் பயின்று, நெல்லைச் சீமையின் சிற்றூர்களில் நடந்து மக்களை அறிந்தார். பொட்டுக்கட்டுதற்கென விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தது 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான். டோனாவூர் இல்லம் அதன்பின் வளர்ந்தது. தாம் எதற்காகத் தமிழ் கற்கிறோம் என்பதை அந்த ஐந்தாண்டுகளில் அவரே அறிந்திருக்கமாட்டார். ஆனால் அச்சிறுமி தன் துயரைச் சொன்னபோது, அதைத் தமிழில் கேட்க ஒருவர் ஆயத்தமாய் இருந்தார்! குழந்தைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர். தாயகம் திரும்பாமலே 1951-இல் அவர் டோனாவூரில் மறைந்தார்.

புனித அன்னை தெரேசாவின் ஆயத்தமோ இன்னும் நீண்டது. 1928-இல் வீட்டைப் பிரிந்து அயர்லாந்து சென்று ஆங்கிலம் கற்றார். 1929 ஜனவரியில் கல்கத்தா வந்து, டார்ஜிலிங்கில் நவசந்நியாசப் பயிற்சி பெற்று, வங்கமொழி பயின்று, ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் செலவிட்டார். 1946 செப்டம்பர் 10-இல் இரயில் பயணத்தின்போது புதிய அழைப்பை உணர்ந்தும் அவர் உடனே தெருவில் இறங்கிவிடவில்லை. திருச்சபையின் அனுமதிக்காக ஏறத்தாழ ஈராண்டுகள் காத்திருந்தார். அனுமதி கிடைத்தபின், 1948-இல் பாட்னா சென்று, மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளிடம் செவிலியர் பயிற்சி பெற்றார். ஏழைகளைப் போலச் சோறும் உப்பும் மட்டுமே உண்ணப் போவதாக அவர் கூறியபோது, அவ்வாறு உண்டால் உடல் நலிந்து பணியே நின்றுவிடும் என்று அச்சகோதரிகள் அறிவுறுத்தினர். அன்னை அதைத் தாழ்மையோடு ஏற்றார். கல்கத்தாவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான சிசுபவன் 1955-இல் திறக்கப்பட்டது. அவர் சபையினர் இந்தியாவுக்கு வெளியே முதல் இல்லத்தை வெனிசுலா நாட்டில் 1965-இல் தொடங்கினர்.

இவ்விருவரிடமும் நாம் காண்பவை மூன்று: குழந்தையின் மொழி, கைக்கு ஒரு தொழில், பிரியாமல் நிலைத்திருத்தல். இம்மூன்றில் இறுதியானதே கடினமானது. பெற்றோரை இழந்த குழந்தை, தன்னை அணைத்தவர் இரு வாரங்களில் விடைபெறும்போது மீண்டும் ஒருமுறை இழப்புக்கு ஆளாகிறது. அடுத்த குழுவினர் வந்து செல்லும்போதும் அவ்வாறே. நம் நினைவுக்கு நிழற்படங்கள் மிஞ்சும். குழந்தைக்கு மிஞ்சுவது என்ன?

இதனினும் வேதனைக்குரியது ஒன்று உண்டு. இல்லங்களில் வாழும் குழந்தைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர். வறுமையே அவர்களைப் பிரித்தது. வருகையாளர் தரும் பணத்திற்காகவே குழந்தைகளைத் திரட்டி வைத்திருக்கும் இடங்களும் உள்ளன. ஆகவேதான் 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலாவோடு இணைந்த இத்தகைய தன்னார்வத் திட்டங்கள் குழந்தை வணிகத்திற்கும் சுரண்டலுக்கும் வழிவகுக்கக்கூடும் எனச் சுட்டி, அத்தீமைகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், ஆனால் நீண்ட காலம் தங்க இயலுமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். இயலாதெனில், குழந்தைகளை அணைக்கும் பணியை அங்கேயே வாழ்வோரிடம் விட்டுவிட்டு, அவர்களுக்குத் துணையாவோம். கணக்கு எழுதலாம், கூரை வேயலாம், செவிலியர்க்குப் பயிற்சி தரலாம். வறுமையால் பிரிந்த பிள்ளை தன் தாயிடமே திரும்பிச் சேர உதவலாம். பயணச்சீட்டுக்குச் செலவாகும் தொகை அத்தாயின் வீட்டில் எத்தனை மாதம் அடுப்பெரிக்கும் என்பதையும், புறப்படுமுன் அமர்ந்து கணக்கிடுவோம்.