சேவ் ஃபைல் குடியிருந்த வீடுகள்

பழைய கேமோட சேவ் ஃபைலைத் தேடித் தரச் சொல்லி யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "அந்த கேம் எந்த வருஷம் வந்தது?" என்றுதான். கல்வெட்டில் எழுத்தைப் பார்த்துக் காலத்தைச் சொல்வார்கள். இங்கே காலம் தெரிந்தால் இடத்தைச் சொல்லிவிடலாம்.

டாஸ் காலத்தில் சிக்கலே இல்லை. 1993-ல் வந்த டூம், தான் இருக்கிற ஃபோல்டரிலேயே சேவையும் போட்டு வைக்கும். ஃபோல்டரைக் காப்பி பண்ணினால் கேமும் வந்துடும், ஆடினதும் வந்துடும்.

'மை டாக்குமெண்ட்ஸ்' வந்த பிறகுதான் இரண்டும் தனிக்குடித்தனம் போயின. 2003-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி அங்கே 'யூசர் ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, எட்டு ஸ்லாட்டையும் அதில் வைத்தது. 2006-ல் வந்த ஈஏ கிரிக்கெட் 07-ம் அப்படித்தான்.

நம்ம ஊர்ப் பையன்கள் அடிபட்டது இங்கேதான். வைரஸ் வந்தால் சி டிரைவை ஃபார்மேட் அடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கேமை டி டிரைவில் போட்டு வைப்போம். மை டாக்குமெண்ட்ஸ் இருந்தது சி-யில். சர்வீஸ் முடிந்து கணினி வீட்டுக்கு வரும், டி-யில் கேம் பத்திரமாக இருக்கும், உள்ளே போனால் முதல் மிஷன்! பிரவுசிங் சென்டரில் இன்னும் மோசம். டீப் ஃபிரீஸ் போட்டிருந்தால் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் காலி. சேவைப் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு அலைந்தது அதனால்தான்.

2007-ல் விஸ்டா 'சேவ்டு கேம்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் கொடுத்தது. நல்ல எண்ணம்தான், பல கம்பெனிகள் சீண்டவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத 'ஆப்டேட்டா'வில் போய் ஒளிந்துகொண்டார்கள். பழைய கேம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்த்தால், விஸ்டா அதைச் சத்தமில்லாமல் ஆப்டேட்டாவின் 'வெர்ச்சுவல் ஸ்டோர்' பக்கம் திருப்பிவிடும். 2008-ல் ஸ்டீம் கிளவுட் வந்தது. இப்போது பழைய சேவைத் திரும்பப் போடுவதென்றால் முதலில் அதை அணைக்கணும். இல்லையென்றால் மேலே இருக்கிறது வந்து கீழே இருப்பதை அழிச்சிடும்.

போன மாதம் படாளத்திலிருந்து, சர்க்கரை ஆலைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் லேப்டாப்போடு வந்தான். 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவன் அண்ணனுக்குக் கிடைத்தது. அண்ணன் இப்போது இல்லை. "பேட்டரி செத்துப்போச்சுண்ணா, எடைக்குப் போட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க. அவன் ஆடின கிரிக்கெட் மட்டும் வேணும்."

சார்ஜரிலேயே ஓடியது. கேம் டி-யில். டாக்குமெண்ட்ஸில் கிரிக்கெட் 07 ஃபோல்டர் அப்படியே இருந்தது. எடுப்பதற்கு முன்னால் தேதிகளைக் குறித்துக்கொண்டேன். ஒரு ஃபைலை விண்டோஸில் காப்பி பண்ணினால் 'மாடிஃபைடு' தேதி பழையதாகவே இருக்கும், 'கிரியேட்டட்' தேதி மட்டும் காப்பி பண்ணின நேரத்துக்கு மாறிடும். இங்கே மாடிஃபைடு 2013, கிரியேட்டட் 2015. உருவாவதற்கு இரண்டு வருஷம் முன்பே திருத்தப்பட்ட ஃபைல்! நடுவில் ஃபார்மேட் ஆகியிருக்கு, அதற்கு முன்னால் யாரோ வெளியே எடுத்து வைத்து, பிறகு திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

"2015-ல ஃபார்மேட் அடிச்சீங்களா?"

கொஞ்சம் யோசித்தான். "அண்ணன்தான் அடிச்சான். நான் அப்ப அஞ்சாவது. என் டீம் போயிடும்னு அழுதேன்."

ஃபோல்டருக்குள் சேவ் இரண்டு இருந்தது. ஒன்று அண்ணன் பெயரில், இன்னொன்று இவன் பெயரில். பெயரை மாற்றாமல், முழு ஃபோல்டரையும் இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.