நயாகராவைக் கடந்த பட்டம்

1848ஆம் ஆண்டிலே நயாகரா ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் அமைக்கப் புகுந்த பொறியியலாளர் சாள்ஸ் எலெட், முதல் நூலை அக்கரை சேர்ப்பிப்பவர்க்குப் பரிசு அறிவித்தார். ஹோமன் வோல்ஷ் என்னும் சிறுவன் கனடாக் கரைக்குச் சென்று பட்டம் ஏற்றினான். நூல் ஆற்றுப் பனிக்கட்டியில் உராய்ந்து அறுந்தது. பட்டத்தை மீட்டு, மறுமுறை ஏற்றி வென்றான். அந்நூலால் கயிறும், கயிற்றால் கம்பிவடமும் இழுக்கப்பட்டன.

சாய்ந்து நிற்கும் பட்டம் காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, காற்று அதனை மேலே உந்துகின்றது. அச்சாய்வை அமைப்பது முச்சை. காற்றின் வேகம் இருமடங்கானால் உந்துவிசை நான்கு மடங்காகும். 2021ஆம் ஆண்டில் பருத்தித்துறையிலே பெரும்பட்டமொன்று கயிறு பிடித்த இளைஞரொருவரை வானில் தூக்கியமை இவ்விசையாலேயே. ஆதலின் வாடைக்காற்றில் பெரும்பட்டம் ஏற்றுவோர் கயிற்றின் அடியை முதலில் மரத்திற் கட்டுக, கையிற் சுற்றற்க, மின்கம்பிக்கும் இடிமுகிலுக்கும் விலகி நிற்க.