மரம் நடப் பணம்: 1856 முதல் நம் தெரு வரை

மழைக்காலம் நெருங்கினாலே நம் பக்கத்தில் மரக்கன்றுகள் வந்து இறங்கும். மாநகராட்சி தரும், தொழிற்சாலைகள் தரும், சேவைச் சங்கங்கள் தரும். குழி வெட்ட ஆள் வருவார்கள், பேனர் கட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் கம்பிக்கூண்டு இருக்கும், கன்று இருக்காது. இந்த ஆண்டும் கன்றும் சிறு தொகையும் கொடுக்கச் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா, வாங்கினால் என்ன நிபந்தனையோடு வாங்குவது என்பதை அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால், மரம் நடுவதற்குக் காசோ சலுகையோ கொடுக்கும் வழக்கம் இதுவரை எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கதை நம் ராயபுரத்தில் இருந்தே தொடங்குகிறது.

ராயபுரம் ரயிலும் சவுக்குத் தோப்பும்

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது நம்மில் பலருக்குத் தெரியும். அதே ஆண்டு டிசம்பரில் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், இன்ஜினில் எரிக்க விறகு வேண்டும். ரயில் பாதை நீள நீளக் காடு குறையும் என்ற கவலை அரசுக்கு வந்தது.

அடுத்த ஆண்டுகளில் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகின. அரசும் நட்டது, தனியாரும் நட்டார்கள். யாரும் விழா எடுத்து அவற்றைக் காப்பாற்றவில்லை. சில ஆண்டுகளில் விறகாக விற்றுக் காசு பார்க்கலாம் என்பதால், நட்டவரே தண்ணீர் ஊற்றினார், நட்டவரே காவல் காத்தார்.

வருவாய்த் துறையில் இன்றும் 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் அரசுப் புறம்போக்கு. அதில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை மட்டும் பட்டாதாரருக்கு. புளி உலுக்கலாம், மாங்காய் பறிக்கலாம், நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு ரூபாய் கூடக் கைமாறாத மானியம் என்று இதைச் சொல்லலாம். இந்த மரத்துக்கு இவர் பொறுப்பு என்று ஒரு பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர்தான் முக்கியம்.

பெயர் இல்லாத மரங்களுக்கு என்ன ஆகும் என்பதற்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1859-ல் ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் அங்கே பீப்பிள்ஸ் பார்க் அமைந்தது. 116 ஏக்கர் பரப்பு. குளங்கள், மரங்கள், மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, அதற்கும் பின்னால் நேரு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் தேவையான கட்டடம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பூங்காதான் இடம் கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவான பூங்காவுக்கு, இது எங்களுடையது என்று எழுந்து நின்று பேச ஆள் இல்லாமல் போனது.

ஜூலை விழாவும் ஐப்பசி மழையும்

சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கினார். ஜூலை முதல் வாரம் நாடு முழுவதும் மரம் நட வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிப் பிள்ளைகளிடம் மரத்தின் மேல் ஓர் ஆசையை வளர்த்ததில் அந்த விழாவுக்குப் பங்கு உண்டு.

ஆனால் ஜூலை முதல் வாரம் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பொருந்தும் மாதம். அங்கே அப்போது தென்மேற்குப் பருவமழை. நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஜூலையில் நம் மணல் தரையில் வைக்கும் கன்று, மாலையில் எப்போதாவது பெய்யும் மழையை நம்பி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது விதைக்கும் உழவருக்குச் சொன்னது. அவர் தினமும் வயலுக்குப் போகிறவர். தெருவோரக் கன்றைத் தினமும் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

1981-ல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் வந்தது. ஏரிகளின் உட்பரப்பில் கருவேலம் நட்டார்கள். வெட்டி விற்கும்போது வருவாயில் ஊராட்சிக்கும் பங்கு. பலனில் பங்கு கொடுத்தால் ஊரே காவல் காக்கும் என்ற பழைய கணக்குதான் இதிலும் இருந்தது. நகரத்து மரத்தில் அப்படி விற்றுப் பங்கு போட ஒன்றும் இல்லை. அது தருவது நிழல் மட்டுமே. அப்படியானால் நகரத்தில் காவலுக்கு ஆள் எப்படிக் கிடைப்பார்?

உயிரோடு இருந்தால் காசு

இதற்கு ஒரு விடை கென்யாவில் கிடைத்தது. 1977 ஜூன் 5 அன்று வங்காரி மாத்தாய் நைரோபியின் ஒரு பூங்காவில் தோழிகளுடன் ஏழு மரங்கள் நட்டுப் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த சிறு நிதியிலிருந்து அவர்களுக்குக் கன்று ஒன்றுக்குச் சில காசுகள் கிடைத்தன. நட்டுவிட்டதற்காக யாருக்கும் காசு இல்லை. நட்ட கன்று பிழைத்திருந்தால்தான் காசு. 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அந்த இயக்கம் நட்ட மரங்களின் எண்ணிக்கை 3 கோடி என்று சொல்லப்பட்டது.

இதே கணக்கு நம் அரசிடமும் உண்டு. விவசாய நிலங்களில் மரம் வளர்க்கத் தமிழ்நாடு அரசு நடத்தும் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு ரூ.7 ஊக்கத்தொகை. மூன்று ஆண்டுக்கு ரூ.21. தொகை சிறியதுதான். ஆனால் நட்ட நாளைப் பார்க்காமல் நான்காவது ஆண்டைப் பார்க்கிறது.

நகரத்துக்கு வரும் பணம் பெரும்பாலும் வேறு மாதிரி வருகிறது. 2020-ல் மத்திய அரசு அறிவித்த நகர் வன் திட்டத்தில் ஹெக்டேருக்கு ரூ.4 லட்சம் தருகிறார்கள். அதில் மிகச் சிறிய அலகுக்கே ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் வேண்டும். காலடிப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு குடியிருப்புச் சங்கம் அதற்கு எங்கே போகும்? அதே 2020-ல் சென்னை மாநகராட்சி மியாவாக்கி காடுகளைத் தொடங்கியது. சிறிய இடத்தில் நெருக்கமாகப் பல வகை நாட்டு மரங்களை நடும் ஜப்பானிய முறை அது. அந்த முறையிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுத்துத் தண்ணீர் விட்டாக வேண்டும்.

நம்மைப் போன்றோருக்குக் கைக்கெட்டும் வழிகள் இரண்டு. ஒன்று நமக்கு நாமே திட்டம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. பல பணிகளுக்கு மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். இன்னொன்று, 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் நிறுவனங்களுக்கு அந்தப் பகுதி நாம்தான்.

இந்தச் சமூகப் பொறுப்பு நிதியின் விதிகளில் 2021-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி ஒரு பணியைத் தொடங்கிய நிதியாண்டு போக, மேலும் மூன்று ஆண்டுகள் வரை தொடர்பணியாக நடத்தலாம். ஒரு கன்றுக்கு வேண்டிய மூன்று கோடைகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ‘ஒரே தடவைதான் தர முடியும்’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

பணத்தை விடக் கைகள்

தென்சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை இடத்தை, 2006 முதல் நிழல் அமைப்பும் அங்கே வசிப்பவர்களும் சேர்ந்து மரப் பூங்காவாக ஆக்கினார்கள். நட்ட பிறகும் தன்னார்வலர்கள் தொடர்ந்து வந்ததால்தான் அது பூங்காவாக நின்றது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 கன்று, கன்றுக்கு ஒரு குடம், அதாவது 15 லிட்டர், வாரம் மூன்று தடவை. வாரத்துக்கு 60 குடம், 900 லிட்டர். மார்ச் முதல் ஜூன் வரை 17 வாரத்துக்குச் சுமார் 15,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றேகால் லாரித் தண்ணீர்தான். 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையில் இருக்கும் நாம் அதைக் கூட வீணாக்கக் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தாலே ஒரு பகுதி தேறும். ஆக, தண்ணீருக்கு ஆகும் செலவு நம்மால் தாங்கக்கூடியதுதான். மே மாத வெயிலிலும் அந்த 60 குடத்தை வாரம் தவறாமல் தூக்குவது யார் என்பதுதான் கேள்வி.

எனவே பொதுக்குழுவில் இவற்றை வைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒன்று: தொகையை மூன்று தவணையாகக் கேட்போம். நடும்போது ஒரு பங்கு, முதல் கோடை கழிந்ததும் ஒரு பங்கு, மூன்றாம் கோடை கழிந்ததும் ஒரு பங்கு. பின்னிரண்டும் உயிரோடு இருக்கும் கன்றை எண்ணித் தரட்டும்.

இரண்டு: 2சி பட்டா போல ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பெயர். எந்த பிளாக், எந்த வீடு, ஊருக்குப் போனால் மாற்றாள் யார் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். தொகையில் ஒரு பகுதியைத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரருக்கு மாதக் கூலியாக ஒதுக்குவோம்.

மூன்று: விழா ஜூலையில் நடக்கட்டும், நடவு முதல் நல்ல மழைக்குப் பிறகு நடக்கட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் விழுந்ததைப் பார்த்தோம். உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு, மகிழம் போதும். மேலே மின்கம்பியும் கீழே குழாயும் பார்த்து, மாநகராட்சிப் பூங்காத் துறையிடம் கேட்டுக் குழி தோண்டுவோம்.

நான்கு: மரம் வாங்கிக்கொண்டதால் நாம் வாய் மூடிக்கொள்ள மாட்டோம் என்பது ஆரம்பத்திலேயே தெளிவாக இருக்கட்டும். 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலத்தையும், பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவையும் பார்த்தவர்கள் நாம். தெருவோர மரம் நிழல் தரும், கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசியில் கொஞ்சத்தைப் பிடிக்கும். ஆலைப் புகையை அது நிறுத்தாது. அது ஆலையின் கடமை. இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காத இடத்திலிருந்து கன்று வாங்க வேண்டாம்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில்தான் என்பது புராணம். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது அவருக்குப் பார்வை போனது என்றும் சொல்வார்கள். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. சத்தியம் செய்ய ஒரு மரம் வைத்திருக்கும் ஊர் நம்முடையது. நாம் கேட்பது அவ்வளவு பெரிய சத்தியம் அல்ல. மூன்று கோடைக்கு, வாரம் 60 குடம். கையெழுத்துப் போட எத்தனை வீடுகள் முன்வருகின்றன என்று பார்த்துவிட்டு, அத்தனை கன்று மட்டும் கேட்போம். 20 வீடு வந்தால் 20. ஏழு வீடுதான் வந்தது என்றால் ஏழு.