பட்டு வணிகர் கொடுத்த பணப்பை: மார்க்கக் கல்விக்குச் செலவு செய்தவர்கள்

அரபிக் கல்லூரியில் உணவும் தங்குமிடமும் இலவசம். பிறகு மாணவனுக்கு என்ன செலவு என்று கேட்போர் நம் ஜமாஅத்துகளில் உண்டு. காஞ்சிபுரம் போன்ற நெசவூரில் அக்கேள்விக்கு விடை எளிது. பதினெட்டு வயது மகன் ஓதப் போனால், தறியில் உட்காரும் ஒரு ஆள் குறைகிறான். ஆலிம் ஸனது பெறும்வரை அந்த ஆண்டுகளின் கூலி வீட்டுக்கு வராது. கல்லூரி வாங்காத கட்டணத்தை அந்தக் குடும்பம் வேறு வழியில் செலுத்திக்கொண்டேயிருக்கிறது. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓதலை நிறுத்திவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளிடம் காரணம் கேளுங்கள். பாடம் கடினம் என்று சொல்பவர் சிலரே.

இது புதிய துன்பமன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரத்தில் யஃகூப் என்றொரு ஏழைச் சிறுவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடவகுப்பில் அமர்ந்து வந்தார். அவருடைய தந்தை ஒருநாள் வந்து, "இமாமுக்குச் சாப்பாட்டுக் கவலையில்லை, நமக்கு உழைத்தால்தான் உணவு" என்ற பொருளில் எடுத்துச் சொல்லி மகனை அழைத்துச் சென்றுவிட்டார். தந்தையல்லர், தாயே வந்து அழைத்துச் சென்று, துணி வெளுப்பவரிடம் வேலைக்கு விட்டார் என்ற அறிவிப்பும் உண்டு. இரண்டில் எது சரியாயினும் காரணம் ஒன்றே. மாணவர் வராததைக் கவனித்த இமாம் விசாரித்தார். அவர் திரும்பி வந்ததும் எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்து, ஒரு பணப்பையைக் கொடுத்தார். அதில் 100 திர்ஹம் இருந்தது. தீர்ந்ததும் சொல் என்றார். ஆனால் அந்த மாணவர் ஒருமுறைகூடச் சொல்ல நேரவில்லை. தீரும் நேரமறிந்து இமாமே கொடுத்துவந்தார். அந்த யஃகூப்தான் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்). ஹி. 182இல் மறைந்தார்.

இமாமுக்கு இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அவர் 'கஸ்' என்னும் பட்டுக் கலப்புத் துணி விற்ற வணிகர். கூஃபாவில் கடை வைத்திருந்தார். ஆட்சியாளர் தந்த பதவியை மறுத்ததற்காகச் சிறைப்பட்ட அவர், தம் வணிக லாபத்திலிருந்து ஆலிம்களின் உணவுக்கும் உடைக்கும் ஒதுக்கி வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். நம் ஊரின் பட்டுக் கடைக்காரர்கள் இந்த வரலாற்றைத் தங்கள் தொழிலின் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் முன்னே மதீனாவின் திண்ணைத் தோழர்கள் இருந்தனர். இருவருக்கு உணவிருப்பவர் மூன்றாமவராக ஒரு திண்ணைத் தோழரை அழைத்துச் செல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். 'காரிகள்' எனப்பட்ட அன்ஸாரித் தோழர்கள் இரவில் குர்ஆன் ஓதிக் கற்று, பகலில் விறகு சேகரித்து விற்று, அந்தப் பணத்தில் திண்ணைத் தோழர்களுக்கு உணவு வாங்கினார்கள். உழைப்பும் கல்வியும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன. கேரளப் பள்ளி தர்ஸுகளில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உணவளிக்கும் 'செலவு' முறை அந்த முதல் ஏற்பாட்டை நினைவூட்டுகிறது.

நம் மண்ணிலும் சமயக் கல்விக்குப் பொருள் தேடிய வரலாறு பழையது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் பெருமாள் கோவிலில், வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. வேதமும் இலக்கணமும் ஆகமமும் பயின்ற 60 மாணவர்களுக்கு உணவு, விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று அது கணக்கிடுகிறது. அருகிலேயே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தது. அதற்கு முந்தைய இராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு இன்னும் நுட்பமானது. 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்களுக்காக 45 வேலி நிலம். இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவர் 70 பேருக்கு அதைவிடக் கூடுதல் நெல்லும், ஆண்டுக்கு அரைக் கழஞ்சு பொன்னும். மேல்படிப்புக்கு வந்தவனின் தேவை பெரிது என்பதை அந்தக் கணக்கெழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். இவை வேறு சமயத்தாரின் கல்வி நிலையங்களே. ஆயினும் கணக்கு நமக்கும் பாடமாகும்.

அதே நூற்றாண்டில், கி.பி. 1067இல், பக்தாதில் நிஜாமிய்யா மத்ரஸா திறக்கப்பட்டது. வக்ஃபு வருமானத்தில் ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்கு உதவித்தொகை. செய்தி கேட்ட மாவராஉன்னஹ்ர் ஆலிம்கள் மகிழாமல் வருந்தினார்களாம்: இனிப் பணத்துக்காகக் கல்வி தேடுவோர் வருவார்கள் என்று. அந்த அச்சத்தை ஒரே வாழ்க்கையில் காண வேண்டுமானால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பார்க்கலாம். தூஸ் நகரில் கம்பளி நூற்று விற்ற ஏழையின் மகன். தந்தை மரணத் தறுவாயில் இரு மகன்களையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் சிறு தொகையுடன் ஒப்படைத்தார். தொகை தீர்ந்ததும் அந்த நண்பர், மத்ரஸாவில் சேருங்கள், உணவாவது கிடைக்கும் என்றார். உணவுக்காகத் தொடங்கிய கல்வி பிறகு அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்கும் இணங்க மறுத்துவிட்டது என்று இமாமே பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். எனவே சாப்பாட்டுக்காகச் சேருகிறான் என்று எந்தப் பிள்ளையையும் இகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தமிழகத்தில் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா லக்னோ மரபின் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, மத்ரஸாவை ஆதரித்தார். அரண்மனை ஆதரவு அரண்மனையோடு போய்விடும். 1855இல் நவாப் பட்டமே முடிவுக்கு வந்தது. பின்னர் வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) உருவாக்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் பொதுமக்களின் நன்கொடையை நம்பி வளர்ந்தது. 1866இல் தொடங்கிய தேவ்பந்து மத்ரஸாவுக்கு மௌலானா காஸிம் நானோத்தவி (ரஹ்) எழுதிய எட்டு விதிகள், ஜாகீர், தொழிற்சாலை, செல்வந்தரின் வாக்குறுதி போன்ற நிலையான வருமானத்தையே ஐயத்துடன் பார்க்கின்றன. புகழ் விரும்பாத எளியோரின் சிறு தொகையில்தான் பரக்கத் என்பது அவர்கள் கருத்து.

ரமளானில் ரசீதுப் புத்தகத்துடன் நம் வாசலுக்கு வரும் ஹஜ்ரத்மார்கள் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே. அதனால் கல்லூரியின் அடுப்பு எரிகிறது. தறியில் ஆள் குறைந்த வீட்டுக்கு அது போய்ச் சேர்வதில்லை. அபூஹனீஃபா இமாமின் பணப்பை போய்ச் சேர்ந்த இடம் அந்த வீடுதான்.

இதற்கு ஹனஃபி சட்டத்தில் வழி இருக்கிறது. ஜகாத்தைக் கட்டடத்துக்கோ ஊதியத்துக்கோ செலவிட முடியாது. உரியவரின் கையில் உடைமையாகக் கொடுக்க வேண்டும். பருவமடைந்த மாணவனின் ஏழ்மை அவனுடைய சொந்த உடைமையைக் கொண்டே கணக்கிடப்படும். தந்தையின் சொத்தைக் கொண்டு அன்று. நிஸாப் அளவு இல்லாதவன் என்றால் அவன் கையிலேயே கொடுக்கலாம். பெற்ற பிறகு அது அவன் பணம். கிதாபு வாங்குவதோ, மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புவதோ அவன் விருப்பம். நெசவாளியான தந்தையும் ஜகாத் பெறத் தகுதியுடையவரானால் அவருக்கும் தனியே கொடுக்கலாம். கொடுக்கும்போது ஜகாத் என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மனத்தில் நிய்யத் இருந்தால் போதும்.